பிள்ளையார் நோன்பு: முதல் இழையிலிருந்து கடைசிச் சுடர் வரை

திருக்கார்த்திகைக்கு மறுநாள் காலை, எங்கள் தேவகோட்டை வீட்டில் அப்பத்தா குளித்துவிட்டு வந்ததும் செய்யும் முதல் வேலை, புது வேட்டியின் ஓரத்தை ஊசி முனையால் நெம்பி ஒரே ஒரு நூலை உருவுவதுதான். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி அடக்கிவிடுவார். நூல் பாதியில் அறுந்தால் குற்றமில்லை, முடிந்துகொள்ளலாம். முழுசாக வந்துவிட்டால் மட்டும் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரியும். அதை விரலில் சுற்றி, பிள்ளையார் காலடியில் ஒரு வெற்றிலை மேல் வைப்பார். இப்படி 21 நாள்.

பிள்ளையார் சதுர்த்தி தமிழ்நாடு முழுக்க உண்டு. பிள்ளையார் நோன்பு, செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டுக்கே உரிய விசேஷம்: 21 நாள் சேர்த்த நூலைத் திரியாக்கி, மாவில் செருகி ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது. சென்னையிலும் வெளிநாட்டிலும் தனிக்குடித்தனம் போய்விட்ட எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு கார்த்திகையும் போனில் கேட்கும் கேள்விகள் ஒன்றேதான்: எந்த நாள், எந்த நூல், மாவு எப்படி, நெருப்போடு வாயில் போட்டால் சுடாதா? அவற்றுக்கு மொத்தமாக ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இது எங்கள் வீட்டு முறை. ஊருக்கு ஊர், ஏன், ஒரே வளவுக்குள் (பங்காளிகள் சேர்ந்திருக்கும் பெரிய முற்றத்து வீடு) வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். உங்கள் வீட்டில் ஆச்சிமார் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதையே செய்யுங்கள்.

பிள்ளையாரும் நாமும்

'பிள்ளை'யோடு மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்த்தால் பிள்ளையார். வீட்டுக் குழந்தையையே 'வாங்க' என்று கூப்பிடுகிற மாதிரியான பெயர். யானை முகத்துக்கும் பானை வயிற்றுக்கும் ஒடிந்த கொம்புக்கும் தத்துவ விளக்கங்கள் நிறைய உண்டு, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வணிகர் வீட்டில் அவருக்கு இருக்கும் வேலை எளிமையானது: எதுவானாலும் அவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். பழைய கணக்கேடு எதைப் புரட்டினாலும் முதலில் 'உ' இருக்கும், அப்புறம்தான் வரவும் செலவும். வீட்டுச் சாமான் சிட்டைக்குக்கூட என் மாமியார் சுழி போடாமல் எழுதமாட்டார்.

காரைக்குடியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், குன்றக்குடி தாண்டி இருக்கிறது பிள்ளையார்பட்டி. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களில் ஒன்று. மலையைக் குடைந்து, அந்தப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள் கற்பக விநாயகரை. தனிச் சிலை இல்லை, மலையின் ஒரு பகுதி. தும்பிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். பெரும்பாலான பிள்ளையாருக்கு நான்கு கை, இவருக்கு இரண்டே கை. பாசமும் அங்குசமும் கிடையாது. இடக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வடக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வாசலில் உட்கார்ந்து வரவு செலவு கேட்கும் வீட்டுப் பெரியவர் தோரணை என்று எனக்கு எப்போதும் தோன்றும். சதுர்த்தியின்போது அங்கே பத்து நாள் திருவிழா. முக்குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டையாகப் பிடித்து நைவேத்தியம் செய்வார்கள். அது கோவில் விசேஷம், பார்க்கக் கண் கொள்ளாது. நோன்பு அப்படி இல்லை. ஐயர் வேண்டாம், மேளம் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

நோன்பு வந்த கதையை எங்கள் பக்கம் இப்படிச் சொல்வார்கள். காவிரிப்பூம்பட்டினத்துச் செட்டிமார் மரக்கலத்தில் வியாபாரத்துக்குப் போனபோது புயலில் மாட்டிக்கொண்டார்கள். கரை தெரியவில்லை. பிள்ளையாரை நினைத்து, நாள் கணக்குத் தப்பாமலிருக்க உடுத்தியிருந்த வேட்டியிலிருந்து தினம் ஒரு நூலை உருவி வைத்தார்கள். கரை சேர்ந்தபோது 21 நூல். கையில் மிஞ்சியிருந்த அரிசி மாவிலும் வெல்லத்திலும் பிள்ளையார் பிடித்து, அந்த நூலைத் திரியாகப் போட்டு ஏற்றிக் கும்பிட்டு, சுடரோடு எடுத்து உண்டார்கள். கதை எவ்வளவு பழையதோ, செய்முறை முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது: எண்ணுவது, திரிப்பது, ஏற்றுவது, உண்பது.

நாள் குறிப்பது

கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் தொடங்கி 21ஆம் நாள், மார்கழியில் வளர்பிறைச் சஷ்டியும் சதய நட்சத்திரமும் கூடும் மாலையில் நோன்பு.

இந்த 21 எங்கிருந்து வருகிறது என்று என் மகள் கேட்டபோது காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பௌர்ணமிக்கு மறுநாள் பிரதமை ஒன்று. அமாவாசை வரை 15, அதன்பின் சஷ்டி ஆறாவது. ஆக 21. நட்சத்திரக் கணக்கையும் பாருங்கள். கார்த்திகைக்கு அடுத்தது ரோகிணி, அது ஒன்று. மிருகசீரிடம் இரண்டு, திருவாதிரை மூன்று என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனால் திருவோணம் 19, அவிட்டம் 20, சதயம் 21. திதி வழியாகப் போனாலும் நட்சத்திரம் வழியாகப் போனாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இதை முதன்முதலில் எண்ணிப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சில வருஷம் இரண்டும் ஒரே நாளில் சரியாகக் கூடாது. தீபமும் பௌர்ணமியும் ஒரு நாள் தள்ளிப் போகும், திதி ஒன்று சட்டென்று முடிந்துவிடும். அந்த மாதிரி வருஷங்களில் நாமே கணக்குப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊரில் பெரியவர்கள் குறித்த நாளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நகரத்தார் சங்கம் இருக்கும் ஊரில் அவர்களே முன்கூட்டித் தெரிவித்துவிடுவார்கள்.

இதே 21 நாள் கணக்கு யாழ்ப்பாணத்துப் பக்கமும் உண்டு. அங்கே பிள்ளையார் பெருங்கதை விரதம் என்பார்கள். 21 இழையில் காப்புத் திரித்து ஆண்கள் வலக்கையிலும் பெண்கள் இடக்கையிலும் கட்டிக்கொள்வார்கள். அவர்கள் கட்டிக்கொள்கிற இழையை நாம் உண்டுவிடுகிறோம்.

நூல்: இங்கேதான் கவனம் வேண்டும்

தண்ணீர் படாத புது வெள்ளை வேட்டி, சுத்தப் பருத்தி. 'சுத்தப் பருத்தி' என்பதை இரண்டு முறை படியுங்கள். நாலைந்து வருஷத்துக்கு முன் அவசரத்தில் ஒரு கடையில் 'நூறு சதவீதம் காட்டன்' என்று சொன்னதை நம்பி வாங்கினேன். நோன்பன்று முதல் திரியை ஏற்றியதும் சுடர் நிற்காமல் சுருண்டு, கறுப்பாக ஒரு மணி போல உருகி மாவில் சொட்டியது. பாலியெஸ்டர் கலப்பு. வாயில் போட வேண்டிய பொருள்! அத்தனை திரியையும் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் நூல் வாங்கி ஏழரை மணிக்குத் திரித்தேன். அதிலிருந்து, வேட்டி வாங்கிய அன்றே ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்துவிடுகிறேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், விரலால் தொட்டால் சாம்பல் பொடியாக உதிரும். சுருங்கி முடிச்சு விழுந்தால் அந்த வேட்டி வேண்டாம். கடையில் விற்கும் விளக்குத் திரியும் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

குறுக்கு நூலைத்தான் உருவ வேண்டும், அதாவது வேட்டியின் அகலவாட்டில் போவது. நாலு முழ வேட்டியானால் ஒரு நூல் ஏறக்குறைய 50 அங்குலம் வரும். முனையை ஊசியால் நெம்பி, இரண்டு விரலால் பிடித்து, துணியை மறுகையால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே வந்தால் துணி சுருக்குப் பை மாதிரிச் சுருங்கும், நூல் வழுக்கிக்கொண்டு வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். கரை நூலைத் தொடாதீர்கள், சாயம் இருக்கும்.

தினம் ஒன்றாக 21 சேர்ந்தபின் எல்லாவற்றையும் ஒன்றாக நீட்டி, ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள மறுமுனையை உள்ளங்கையில் வைத்து ஒரே பக்கமாகத் திரிக்க வேண்டும். அப்புறம் ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கினால் 30 திரிக்கு மேல் தேறும். பெரிய குடும்பத்துக்கும் போதும். ஒவ்வொரு துண்டிலும் 21 இழை இருக்கும், அதுதான் கணக்கு. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் முடியவில்லை என்றால் நோன்புக்கு முந்தின நாள் 21 நூலையும் ஒரேயடியாக உருவிக்கொள்கிறார்கள். செய்யலாம். ஆனால் தினமும் ஒன்று என்று செய்து பாருங்கள். காலையில் ஒரு நிமிஷ வேலை, ஆனால் அன்றைய நாளுக்கு ஓர் எண் கிடைத்துவிடும்.

திரிகளை நோன்பன்று காலையிலேயே உருக்கிய நெய்யில் போட்டு வையுங்கள். ஊற ஊறத்தான் சுடர் நின்று எரியும்.

இழை மாவு

பச்சரிசி கால் கிலோ. இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இடித்து அல்லது மிக்சியில் அடித்துச் சலிக்கவும். சலித்த மாவில், தட்டிப் பொடித்த வெல்லம் 150 கிராம், ஒரு மேசைக்கரண்டி நெய், இரண்டு ஏலக்காய். வெல்லம் ஈர மாவில் பட்டதும் இளகத் தொடங்கும். அதனால் தண்ணீர் தெளிக்க வேண்டாம், பொறுமையாக அழுத்திப் பிசைந்தால் தானே சேரும். சிலர் பாகு காய்ச்சி ஊற்றுவார்கள். பாகு ஒரு நிமிஷம் கூடிப்போனால் மாவு கல்லாகிவிடும் என்பதால் நான் அந்த வழிக்குப் போவதில்லை. வெல்லத்தில் மண் இருக்கிறதா என்று முதலிலேயே ஒரு துண்டைக் கரைத்துப் பாருங்கள்.

நெல்லிக்காய் அளவு உருட்டி, அடி அகலமாகவும் உச்சி கூராகவும் பிடித்தால் அதுவே பிள்ளையார். உச்சியில் தீக்குச்சியால் ஒரு குழி போட்டு, திரியை அரை அங்குலம் உள்ளே, மீதி வெளியே நிற்கும்படி செருகவும். திரி செருகிய இந்த மாவைத்தான் 'இழை' என்கிறோம். பெரிதாகப் பிடிக்காதீர்கள், வாயில் ஒரே தடவையில் அடங்க வேண்டும்.

மற்றப் பலகாரம் உங்கள் சக்திக்கு. கருப்பட்டிப் பணியாரம், வடை, மோதகம், எள்ளுருண்டை என்று எங்கள் வீட்டில் முதல் நாளே அடுப்படி அமளிப்படும். ஐந்து பொரி முக்கியம்: நெல், கம்பு, சோளம், தினை, எள். நகரத்தில் கம்புப் பொரியும் தினைப் பொரியும் தேடி அலைய வேண்டியிருக்கும், ஊரிலிருந்து யாராவது வந்தால் சொல்லி அனுப்புங்கள்.

நோன்பன்று மாலை

பகலில் வீட்டைக் கழுவி, சாமி அறையிலும் வளவிலும் மாக்கோலம் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அன்று மதியம் லேசான சாப்பாடு, பிறகு இழை எடுத்துக்கொள்ளும் வரை ஒன்றுமில்லை. பிள்ளையாரைக் கிழக்குப் பார்த்து மணையில் வைத்து, ஆவாரம்பூ, கண்ணுப்பூளை (கண்ணுப்பிள்ளை என்றுதான் எங்கள் வாயில் வரும்), அருகம்புல், நெற்கதிர் சாத்துவோம். எல்லாமே மார்கழியில் வயலோரம் கிடைப்பவை. அடுக்குமாடி வீட்டில் அருகம்புல் ஒன்று கிடைத்தாலும் போதும். குத்துவிளக்கு, தாம்பாளத்தில் பலகாரம், ஓலைக் கொட்டானில் பொரி, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம். ஏற்றப்போகும் இழைகளைத் தனித் தட்டில் வரிசையாக அடுக்குங்கள்.

விளக்கு வைத்தபின், வீட்டில் மூத்தவர் முன்னால் உட்கார்ந்து முதல் இழையைப் பிள்ளையாருக்கு ஏற்றுவார். சங்கு இருந்தால் ஊதுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சங்கு கேட்டதும் அடுத்த வீட்டில் அவசரம் தொற்றிக்கொள்ளும். தெரிந்த பாட்டைப் பாடலாம், தெரியாவிட்டால் தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாலே அவருக்குப் போதும். தேங்காய் உடைத்துத் தீபம் காட்டியபின் இழை எடுத்துக்கொள்ளும் நேரம்.

சுடரோடு எடுப்பது

பெரியவர் தன் கையால் ஓர் இழையை ஏற்றி நீட்டுவார். கீழே விழுந்து கும்பிட்டு, அடிப்பக்கத்தை மூன்று விரலால் பிடித்து வாங்கிக்கொள்ள வேண்டும். சுடர் கடுகு மூன்று சேர்ந்த அளவுக்கு இருந்தால் போதும், திரி நீளமாக இருந்தால்தான் பெரிதாக எரியும். நெய் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரமான வாய் வேண்டும், அதனால் முன்னதாக ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கிவிடுங்கள்.

இப்போது மூச்சை உள்ளே இழுக்காதீர்கள். மெதுவாக வெளியே விட்டபடி வாயை அகலத் திறந்து, இழையை நாக்கின் நடுவில் வைத்து உடனே உதட்டை மூடவும். காற்று இல்லாததால் சுடர் அந்தக் கணமே அணைந்துவிடும். உள்ளே ஒரு சின்னச் சூடு, நெய் வாசனை, அடுத்த நொடி வெல்லம். பயந்து பாதி திறந்த வாயோடு நிற்பவர்களுக்குத்தான் உதடு சுடும். தயங்கினால் தட்டிலேயே ஊதி அணைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், பிள்ளையார் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. சின்னக் குழந்தைகளுக்குச் சுடரைக் காட்டி, கண்ணில் ஒற்றி, திரியை எடுத்துவிட்டு மாவை மட்டும் ஊட்டுவோம். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், கொசகொசவென்ற நைலான் சேலை அன்றைக்கு வேண்டாம். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

எத்தனை இழை?

திரி நறுக்கும்போது பேரைச் சொல்லிச் சொல்லி எண்ண வேண்டும். வீட்டில் இருப்பவர், வேலைக்கு வெளியூர் போனவர், கப்பலில் இருப்பவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் எல்லாருக்கும் ஒன்று. பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டு, ஒன்று வயிற்றில் இருப்பதற்கு. வர முடியாதவருக்காக வீட்டில் ஒருவர் அவர் பேரைச் சொல்லி எடுத்துக்கொள்வார்.

ஏன் இவ்வளவு கறாராக எண்ணுகிறோம் என்பதற்கு எனக்கு ஒரு யோசனை உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன ஆண்கள் கிட்டங்கிகளில் (செட்டிமார் சேர்ந்து தங்கித் தொழில் நடத்தும் கட்டடம்) மூன்று வருஷம் சேர்ந்தாற்போல இருப்பார்கள், செட்டிநாட்டு வளவுகளில் இருந்தது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். தட்டில் இருந்த இழைகளில் பாதி ஊரில் இல்லாதவர்களுக்கு. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அந்த வாரம்தான் இங்கே நோன்பு. ஐயா, அப்பத்தாவின் வீட்டுக்காரர், அப்போது ரங்கூனில். தந்தி இல்லை, தாக்கல் இல்லை. 'எடுக்கலாமா, எப்படிடி எடுக்கிறது' என்று வளவில் பேச்சு வந்தபோது, அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் அவர் பேரில் ஒரு திரியைச் செருகி ஏற்றினாராம். கதையின் மீதிப் பகுதியை அப்பத்தா எப்போதும் ஒரே வரியில்தான் முடிப்பார்: 'சித்திரையிலே நடந்து வந்து சேர்ந்தாக. காலெல்லாம் புண்ணு.'

இப்போது என் மகன் சிங்கப்பூரில். வீடியோ கால் போட்டுக் கொடுத்தால் திரையில் சுடரைப் பார்த்துக்கொண்டே, 'என்னோடதை யார் எடுக்கிறீங்க?' என்பான். அவன் தங்கைதான். ஒவ்வொரு வருஷமும் இரண்டு மாவு கிடைக்கிறது என்பதில் அவளுக்குப் பெரிய திருப்தி. அங்கேயும் சங்கத்தில் கூடி நோன்பு நடத்துகிறார்கள். முடிந்ததும் உப்பிலிருந்து தொடங்கி ஏலம் விடுவார்கள், ஒரு பொட்டலம் உப்புக்குப் போட்டி ஏறுவதைப் பார்க்க வேண்டும். அங்கே போய் எடுத்துக்கொண்டாலும் வீட்டில் அவன் பேருக்கு ஒன்று ஏற்றாமல் விடுவதில்லை.

மறுநாள்

சாத்திய பூவையும் கதிரையும் கால்படாத இடத்தில் போடுங்கள், ஓடும் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் அதில். மிஞ்சிய மாவு இரண்டாம் நாளுக்குத் தாங்காது, ஈர மாவு என்பதால் புளித்துவிடும், அன்றிரவே அக்கம் பக்கம் கொடுத்துவிடுங்கள். பொரி தகர டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். நூல் உருவிய வேட்டியைத் துவைத்து வீட்டு ஆண்கள் கட்டிக்கொள்ளலாம். ஓரத்தில் 21 நூல் போன இடம் வலை மாதிரிக் கொஞ்சம் விரிந்திருக்கும், மடித்து ஒரு தையல் போட்டால் தெரியாது.